அம்மையின் ஓர்மையைச் சேர்த்து வைப்பது எப்படி

என் அப்பாவின் குரல் என்னிடம் மொத்தம் 19 விநாடிதான் இருக்கிறது. 1998இல் நடந்த சித்தி மகன் கல்யாண வீடியோவில், பந்தியில் நின்றுகொண்டு, "அந்த வரிசைக்கு எரிசேரி வரல்ல, கொண்டு வா" என்று யாரிடமோ சொல்கிறார். அவ்வளவுதான். பதினோரு வருஷம் சவுதியில் இருந்து மாதம் ஒரு கேசட் பேசி அனுப்பிய மனுஷர். அதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 2011இல் அவர் போன பிறகுதான் தேடத் தொடங்கினோம்.

அம்மை விஷயத்தில் அப்படி விட்டுவிடக் கூடாது என்று 2019இல் அவள் பேச்சைப் பதிவு செய்யத் தொடங்கினேன். நான் மெல்போர்னில் இருக்கிறேன். அம்மை குமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில், அவளுடைய அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறாள். இதுவரை 83 பதிவுகள் ஆகியிருக்கின்றன. எங்கள் பக்கம் அம்மாவை அம்மை என்போம், ஞாபகத்தை ஓர்மை என்போம். ஊரில் பெரியவர்கள் இருக்க, தூரத்தில் வாழும் யாரும் இதைச் செய்யலாம். ஆறு வருஷத்தில் எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டும் பொருந்துகிற சில காரியங்களும் இதில் உண்டு.

நேரமும் போனும்

முதலில் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் பதிவு செய்யாதீர்கள். நான் சொன்னபோது அம்மை, "எதுக்கு மக்களே இதெல்லாம், நான் என்ன மந்திரியா?" என்றாள் (ஒரு பிள்ளையைக் கூப்பிடுவதும் எங்கள் பக்கம் 'மக்களே' என்றுதான்). மூன்று வாரம் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் பேசுகிற மாதிரி பேசினாள். நாலாவது வாரம் போன் இருப்பதையே மறந்துவிட்டாள். ஒவ்வொரு முறை முடிந்ததும், "இதில் அழிக்க வேண்டியது ஏதாவது உண்டா?" என்று கேட்பேன். இரண்டு முறை உண்டு என்றாள். அழித்துவிட்டேன். அப்படி அழித்ததால்தான் அப்புறம் அவள் மனம் விட்டுப் பேசினாள் என்று நினைக்கிறேன்.

எங்களுக்கு நல்ல நேரம் ஞாயிற்றுக்கிழமை சாயா குடித்து முடிக்கிற நேரம். அங்கே மாலை நான்கு மணி என்றால் இங்கே இரவு எட்டரை. அக்டோபர் முதல் ஞாயிறில் இருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவதால் அது ஒன்பதரை ஆகிவிடும். பெரியவர்கள் நேரத்தை மாற்றாதீர்கள், உங்கள் நேரத்தை மாற்றுங்கள். காலையில் அவர்களுக்குச் சோலி இருக்கும். இரவில் அலுப்பு.

வாட்ஸ்அப்பில் பேசுவதை என் போனில் பதிவு செய்தபோது குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தது. இப்போது செய்வது இது: அம்மை பக்கத்தில் இரண்டாவது போன் ஒன்று. பழைய போன் போதும், சிம் கூட வேண்டாம். அதில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, மேசையில் ஒரு துவர்த்தை (துண்டை) நாலாக மடித்து அதன் மேல் வைத்துவிட வேண்டும். வெறும் மேசையில் வைத்தால் டம்ளர் வைக்கிற சத்தம் இடி மாதிரி விழும். ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள். பேச்சு முடிந்ததும் பக்கத்து வீட்டுப் பையன் அந்தக் கோப்பை டாக்குமெண்டாக அனுப்புவான். வாய்ஸ் மெசேஜாகப் பேசி அனுப்பினால் தரம் குறையும், டாக்குமெண்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே வரும். ஜூன் மாதத்தில் தகர ஷீட் போட்ட சாய்ப்பில், அதாவது வீட்டை ஒட்டி இறக்கிய கூரையடியில், உட்கார்ந்து பேசினால் மழையைத் தவிர ஒன்றும் கேட்காது. உள்ளே முன் அறைக்கு வரச் சொல்லிவிடுங்கள்.

அம்மியைக் கேளுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தொடங்கிய புதிதில் நான், "உன் சின்ன வயசைப் பத்திச் சொல்லும்மா" என்று கேட்டேன். "என்னத்தைச் சொல்ல மக்களே, கஷ்டம்தான்" என்றாள். அடுத்த வாரமும் அதையே கேட்டேன், அதே பதில். அவளுக்கு ஒன்றும் ஓர்மை இல்லை போல என்று நினைத்துவிட்டேன்.

நான் முதியோர் இல்லத்தில் நர்ஸ். அங்கே இத்தாலியில் இருந்து வந்த ஒரு பாட்டி இருந்தார். இன்று என்ன கிழமை, மகன் பெயர் என்ன என்று கேட்டால் தெரியாது. ஒரு நாள் சமையலறைப் பெண் அவர் கையில் ஒரு உருண்டை மாவைக் கொடுத்தாள். அந்தக் கை பிசையத் தொடங்கியது. வாயும் சேர்ந்து தொடங்கியது. அவருடைய அம்மா ரொட்டி சுட்ட அடுப்பு வீட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பது வரை சொன்னார்.

அடுத்த ஞாயிறு அம்மையிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சாய்ப்பில கிடக்குத அம்மி எங்க இருந்து வந்தது?"

நாற்பத்திரண்டு நிமிஷம் பேசினாள்.

அவள் பிறந்த 1951இல், அவள் வயிற்றில் இருக்கும்போது வாங்கிய அம்மி அது. தாத்தாவும் பாட்டியும் திங்கள்சந்தைக்குப் போய் வாங்கி, அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருக்கிறார்கள். தாத்தா தலையில் சும்மாடு வைத்து அம்மிக்கல். பாட்டி இடுப்பில் குழவி. "பிள்ளையை இடுக்குத மாதிரி குழவியை இடுக்கிட்டு வந்தா. வயித்துல நான், இடுப்புல குழவி. வழியில பாத்தவங்க எல்லாம் சிரிச்சாங்களாம்." தாத்தா தோட்டுக்கரையில் அம்மியை இறக்கி வைத்து வெள்ளம் குடித்த இடம், அங்கே நின்ற புன்னை மரம், அம்மி கொத்த வருகிறவரின் கூவல், அந்தக் கூவலை நாய் தொடர்ந்து கூவுவது, எல்லாம் வந்தது. நாற்பது வருஷம் அந்த அம்மியைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆகவே பொருளைக் கேளுங்கள், இடத்தைக் கேளுங்கள், கை செய்த வேலையைக் கேளுங்கள். உறி எங்கே தொங்கியது, அதில் என்ன இருந்தது? நெல் போட்டு வைக்கிற பத்தாயம் என்ன ஆயிற்று? அக்கானி (பதநீர்) காய்ச்சுகிற அடுப்புக்கு என்ன விறகு? மீன்காரி கடவத்தை (கூடையை) எந்தப் படியில் இறக்கி வைப்பாள், அவளுக்குக் காசு கொடுத்தீர்களா, தேங்காய் கொடுத்தீர்களா? வயல் இருந்த ஏலாவில் (வயல்வெளியில்) யார் பக்கத்து வயல்? ஒரு வாரத்துக்கு ஒரு பொருள் போதும். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அம்மை நிறுத்தினால் நான் மனசுக்குள் பத்து எண்ணுவேன். பெரும்பாலும் ஏழெட்டிலேயே அடுத்த பேச்சு வந்துவிடும். நடுவில் புகுந்து, "அது அப்படி இல்லையே" என்று திருத்தப் போனால் அன்றைய பேச்சு அத்தோடு நின்றது.

இதில் ஒரு காரியம். மார்த்தாண்டத்தில் இருக்கிற பெரியம்மையிடம் இதே அம்மியைக் கேட்டேன். பாதி வழிக்கு மேல் குழவியைச் சுமந்தது, ஏழு வயசான தான்தான் என்கிறாள் அவள். இரண்டில் எது சரி என்று நான் பஞ்சாயத்து வைக்கவில்லை. இரண்டையும் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இது வரும். இரண்டையும் வையுங்கள்.

அரப்பும் அளவும்

சமையலை அம்மை வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு இங்கே செய்தால் வராது. "கொஞ்சம் மல்லி, கைக்கு வருகிற மாதிரி" என்பாள். அவள் கைக்கு வருவது என் கைக்கு எப்படி வரும்?

2023இல் ஊருக்குப் போனபோது சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றைக் கொண்டு போனேன். சாளை மீன்கறி வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றும் சட்டிக்கோ அம்மிக்கோ போகிறதற்கு முன்னால் அவள் கையின் கீழே கிண்ணத்தை நீட்டினேன். அரைக் கிலோ சாளைக்கு ஒரு முறி தேங்காய் என்றது துருவினால் 110 கிராம். மல்லிப்பொடி 18, மிளகாய்ப்பொடி 9, மஞ்சள் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஐந்து சின்ன உள்ளி. நெல்லிக்காய் அளவு புளி என்றது 22 கிராம். இது எங்கள் வீட்டுக் கணக்கு. உங்கள் வீட்டுக் கணக்கை நீங்கள் இப்படித்தான் பிடிக்க வேண்டும்.

ஆனால் தராசில் ஏறாத ஒன்று இருக்கிறது, அதைப் பேச்சில்தான் பிடிக்க முடியும். அரப்பு, அதாவது அம்மியில் அரைக்கிற தேங்காய் மசாலா, எப்போது போதும் என்று கேட்டேன். அம்மை அரைத்துக்கொண்டே சொன்னாள்: "சத்தத்தைக் கேளு." முதலில் கரகரவென்று கல்லைக் கடிக்கிற சத்தம். அப்புறம் சத்தம் அமுங்கி, சப்பென்று ஒட்டி ஒட்டி விலகுகிற மாதிரி வருகிறது. அதுக்கும் அப்புறம் சத்தமே இல்லாமல் குழவி தானாக வழுக்கத் தொடங்குகிறது. "இப்பம் எடுத்துப் பாரு." கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தால் ஒரு தரி தட்டவில்லை. "இதுக்கு முன்ன எடுத்தா குழம்பு தனியா, தேங்காய் தனியா நிக்கும்." அந்த மூன்று சத்தமும் 51ஆம் பதிவில் இருக்கிறது. மெல்போர்னில் நான் உறைந்த தேங்காய்த் துருவலை மிக்சியில் அரைக்கிறேன். துருவலின் உறைவு முழுக்க விட்ட பிறகு, இளம் சூட்டுத் தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும். குளிர்ந்தபடி அரைத்தால் எண்ணெய் கட்டி கட்டியாகப் பிரியும். மிக்சியில் சத்தம் உதவாது, ஆனால் விரல் உதவுகிறது.

வருஷம் கண்டுபிடிக்க

பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. "அணை உடையப் போகுதுன்னு சொன்ன வருஷம்" மாதிரிதான் வரும். அதனால் எல்லோருக்கும் தெரிந்த காரியங்களை முளையாக அடித்து, அதில் கட்டிப் பாருங்கள். நம் மாவட்டத்துக்கு நான் வைத்திருக்கிற முளைகள் இவை. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடியவர்கள் மேல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது 1954 ஆகஸ்ட் 11. நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. மாத்தூர் தொட்டிப்பாலம் 1966. காமராஜர் நாகர்கோவிலில் நாடாளுமன்றத்துக்கு நின்று ஜெயித்தது 1969. விவேகானந்தர் பாறை மண்டபம் 1970. திருவனந்தபுரத்தில் இருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது 1979. வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1. சுனாமி 2004 டிசம்பர் 26. ஒக்கி புயல் 2017 நவம்பர் 30.

"பாட்டி சாகும்போது ரயில் ஓடுதா?" என்று கேட்டேன். "ஓடுது. சித்தப்பா இரணியல்ல இறங்கித்தான் வந்தார். ஆனா தொட்டில் இல்ல மக்களே, அப்பம் நீ பிறக்கல்ல." நான் 1981. ஆக 1979க்கும் 1981க்கும் நடுவே. இரண்டு கேள்வியில் ஒரு மரணத்தின் வருஷம் கிடைத்துவிட்டது.

1956ஐ மட்டும் கொஞ்சம் நின்று கேளுங்கள். என் மூத்த மாமா ஐந்தாம் வகுப்பு வரை மலையாளத்தில் படித்தவர். அம்மை தொடக்கத்தில் இருந்தே தமிழில் படித்தவள். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு எழுத்து, தங்கை ஒரு எழுத்து. மாமா அம்மைக்கு எழுதிய கடிதங்களில் தமிழுக்கு நடுவே மலையாள எழுத்து தலை காட்டும். நிலத்தின் பழைய பிரமாணங்களும் (பத்திரங்களும்) மலையாளத்தில்தான் இருக்கும். உங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்த பெரியவர் இருந்தால், அவர் இருக்கும்போதே வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். எல்லையில் நின்ற மரங்களின் பெயர் வரை அதில் எழுதியிருப்பார்கள்.

இன்னொன்று கொல்லம் ஆண்டு. எங்கள் வீட்டு வாசல் நிலையில் 1119 மகரம் என்று செதுக்கியிருக்கும். சின்னப் பிள்ளையில் அதை வீட்டு நம்பர் என்றே நினைத்திருந்தேன். கொல்லம் ஆண்டு ஆவணியில், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கும். ஆவணியில் இருந்து டிசம்பர் முடிவு வரை உள்ள தேதிக்கு 824ஐக் கூட்டுங்கள். ஜனவரியில் இருந்து அடுத்த ஆவணி வரைக்கும் 825. மகரம் என்பது நம் தை. ஆகவே 1119உடன் 825, அந்த நிலை வைத்தது 1944. ஜாதகம், பிரமாணம், கல்லறை, கிணற்றுச் சுவர் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்குப் போதும். விலையைச் சக்கரத்தில் சொன்னால், 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் செல்லாமல் போன பிறகும் பாட்டி அம்மி விலையைச் சக்கரத்தில்தான் சொல்வாளாம்.

கேசட்

அப்பாவின் கேசட்டுகள் போன கதையைச் சொல்ல வேண்டும், உங்களுக்கு அது நடக்காமல் இருக்க.

பலவற்றின் மேல் நாங்களே பாட்டுப் பதிந்துவிட்டோம். நானும் அண்ணனும். கடைசியாக ஒரே ஒரு கேசட் பத்தாயத்துக்குள் கிடைத்தது. கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவதாகச் சொன்ன ஒரு கடையில் கொடுத்தேன். பழைய பிளேயரில் அப்படியே போட்டு ஓடவிட்டிருக்கிறார்கள். நாடா ஒட்டிப்போயிருந்தது, இழுத்துக் கசக்கிவிட்டது. கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

உங்கள் வீட்டில் கேசட் இருந்தால், சும்மா கேட்டுப் பார்க்கலாம் என்று எந்த பிளேயரிலும் போடாதீர்கள். முதலில் ஒரு பென்சிலை ஓட்டையில் விட்டுப் பைய சுற்றிப் பாருங்கள். ஜன்னல் வழியே நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தாலோ, சுற்றும்போது இழுத்துப் பிடித்தாலோ நிறுத்திவிட்டு, இதையே தொழிலாகச் செய்கிறவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். நன்றாகச் சுற்றினால், முதல் தடவை ஓட்டும்போதே பதிவும் ஓட வேண்டும். இரண்டாவது தடவை ஓடும் என்று நம்பாதீர்கள். மேல் விளிம்பில் இருக்கிற இரண்டு சின்னப் பிளாஸ்டிக் மடல்களையும் உடைத்துவிட்டால் அதன் மேல் வேறு எதுவும் பதிய முடியாது.

இதை அம்மையிடம் நான் வருத்தத்தோடு சொன்னபோது அவள் சொன்னது 37ஆம் பதிவில் இருக்கிறது. அப்பா அனுப்புகிற கேசட்டை வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்போம். பதிலுக்கு நாங்கள் பேசிப் பதிகிறதும் அப்படித்தான். அப்பா வழிப் பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுப் பெரியவர், எல்லோரும் ஆளுக்கு இரண்டு வார்த்தை. "நானும் பேசினேன். சுகமா இருக்கோம், பிள்ளைகள் படிக்குது, தேங்காய் வெட்டியாச்சு. எல்லாரும் கேக்க எதைச் சொல்லலாமோ அதைச் சொன்னேன். சொல்ல உள்ளதை ஒரு கேசட்டிலயும் சொல்லல்ல மக்களே." அதற்குப் பிறகு பதிவில் ஒரு நிமிஷம் போல ஒன்றுமில்லை. காக்கை கத்துகிறது. நான் பத்து எண்ணவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. அப்புறம் அவளாகவே, "அந்த வருஷம் எனக்கு இரத்தம் குறைஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தேன், உங்கப்பாக்குத் தெரியாது" என்று தொடங்கினாள்.

இப்படிப்பட்ட இடம் வரும்போது நாம் செய்ய வேண்டியது கேட்டுக்கொண்டிருப்பதுதான். சமாதானம் சொல்லாதீர்கள். அன்றைக்கு வேறு கேள்வி வேண்டாம். மறுநாள் சும்மா ஒரு தடவை கூப்பிட்டு, சாப்பிட்டாளா என்று கேளுங்கள்.

எழுதுவதும் வைப்பதும்

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருஷம், மாதம், தேதி, அப்புறம் பொருள் என்ற வரிசையில் வையுங்கள்: 2021-07-18 உறி. அப்போதுதான் தானாக வரிசையில் நிற்கும். நான் மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன்: என் கம்ப்யூட்டர், கூகுள் டிரைவ், நாகர்கோவிலில் அண்ணன் வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க். பழைய ஸ்டூடியோ போட்டோக்களின் பின்னால் பெயர் எழுத மென்மையான பென்சில் போதும். பால்பேனா முன்பக்கம் வரை அழுந்திவிடும்.

பேச்சை எழுதும்போது திருத்தாதீர்கள். இப்பம் என்றால் இப்பம், வெள்ளம் என்றால் வெள்ளம். சக்கையைப் பலா என்று மாற்றினால் அது அம்மை பேச்சு ஆகாது. முழுதும் எழுத நேரம் இல்லையென்றால், எத்தனையாவது நிமிஷத்தில் என்ன வருகிறது என்று மட்டும் ஒரு பக்கம் எழுதினால் போதும். நான் பாதிக்கு அப்படித்தான் செய்திருக்கிறேன்.

முன்னும் பின்னும் வெட்டவும் வேண்டாம். சுத்தமாக இருக்கட்டும் என்று முதல் பத்துப் பதிவுகளில் நான் வெட்டிவிட்டேன், இப்போது வருத்தமாக இருக்கிறது. 62ஆம் பதிவின் முதல் நிமிஷம் முழுக்க அம்மை கண்ணாடியைத் தேடுகிறாள். கோழியை விரட்டுகிறாள். "லேய், போனு ஓடுதா?" என்று பக்கத்து வீட்டுப் பையனைக் கேட்கிறாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ம், கேளு மக்களே" என்கிறாள். அதற்கப்புறம் அரை மணி நேரம் பத்தாயத்தைப் பற்றிப் பேசுகிறாள். என் மகளுக்கு ஒன்பது வயது, தமிழ் பாதிதான் புரியும். அவள் திரும்பத் திரும்பப் போடச் சொல்வது அந்த முதல் நிமிஷத்தைத்தான். கடைசியில் வருகிற "ம், கேளு மக்களே" என்பதை இப்போது அவளும் சேர்ந்து சொல்கிறாள்.